"உங்க ஊர்ல 100 டிமாண்ட்" என்று ரிப்போர்ட் காட்டினால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

மன்னார்குடி பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் பாரம்பரிய அரிசி விற்கிறோம். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்பு கவுனி. இத்தனை வருஷமும் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் வியாபாரம். போன வருஷம் ஆன்லைனில் கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம் என்று இறங்கியபோது நடந்தது இது. வெற்றிலையோ பட்டோ குத்துவிளக்கோ, டெல்டாவில் எந்தத் தொழில் செய்பவராக இருந்தாலும் படித்துவிடுங்கள்.

ஆடி மாதம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆள் வந்தார். உள்ளூர்ச் சந்தையை ஆய்வு செய்து எந்தச் சரக்கு ஓடும் என்று சொல்வதற்கு 15,000 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். பத்து நாளில் பளபளவென்று 22 பக்க ரிப்போர்ட் வந்தது. நடுப்பக்கத்தில் ஒரு வரைபடம்: கருப்பு கவுனிக்கு மன்னார்குடி 100, சென்னை 50. "மேடம், சென்னையைப் போல ரெண்டு மடங்கு டிமாண்ட் உங்க ஊர்லயே இருக்கு. போன ஆவணியில எப்படி ஏறியிருக்கு பாருங்க. இந்த ஆவணிக்குள்ள சரக்கு எடுத்துடுங்க" என்றார்.

எடுத்தோம். ஒரு டன், 25 கிலோ சிப்பமாக 40. கிலோ 120 ரூபாய் மேனி, 1,20,000 ரூபாய். அதில் பாதி நகைக்கடன்.

ஆவணியில் அவர் சொன்ன மாதிரியே போன் வந்தது. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், மொத்தம் 43 அழைப்பு. அதில் 31 பேர் கேட்டது ஒரே கேள்வி: "அரிசி வேண்டாம்மா, விதை நெல் இருக்கா?"

கவுனி நீண்ட நாள் ரகம், சம்பாப் பட்டத்துக்கு ஏற்றது. நாற்றங்கால் விடும் நேரத்தில் நம் பகுதி விவசாயிகள் கூகுளில் விதை தேடுகிறார்கள். அந்தத் தேடல்தான் ரிப்போர்ட்டில் டிமாண்ட் ஆகியிருக்கிறது. விளைவிக்கப் போகிறவர்களை வாங்கப் போகிறவர்கள் என்று காட்டி எங்களிடம் விற்றுவிட்டார்கள்.

ஐப்பசி அடைமழையில் வண்டு விழ ஆரம்பித்தது. ஒரு சிப்பத்தைப் பிரித்து முறத்தில் கொட்டினால் கறுப்பு அரிசிக்குள் கறுப்பு வண்டு, நகர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். வெயில் இல்லாத நாளில் எங்கே காயவைப்பது? வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டுப் பார்த்தும் 14 சிப்பம் கோழித் தீவனத்துக்குப் போனது.

தீபாவளிக்கு வந்த நாத்தனார் மகள் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அத்தை, இது கூகுள் ட்ரெண்ட்ஸ் படம். யார் வேணும்னாலும் சும்மாவே பார்க்கலாமே" என்றாள். தன் போனிலேயே திறந்து காட்டினாள். கூகுளில் மக்கள் எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் சேவையாம், 2006-இலிருந்து இலவசமாகவே இருக்கிறதாம். அன்றைக்கு அவள் சொல்லித் தந்ததை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

அந்த 100 என்பது ஆட்கள் கணக்கே இல்லை. ஓர் ஊரில் நடக்கும் மொத்தத் தேடலில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பார்கள். எந்த ஊரில் பங்கு அதிகமோ அதற்கு 100 போட்டு, மற்ற ஊர்களை அதோடு ஒப்பிட்டு எண் கொடுப்பார்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மன்னார்குடியில் 1,000 தேடலில் 10 கவுனிக்கு. சென்னையில் 1,00,000 தேடலில் 500. நம் பங்கு ஒரு சதவீதம், சென்னைக்கு அரை சதவீதம். படத்தில் நமக்கு 100, சென்னைக்கு 50. ஆனால் தேடல் நம்மிடம் 10, அங்கே 500! எப்போது தேடல் ஏறுது, இறங்குது என்று காட்டும் கோடும் அப்படித்தான். நாம் எடுத்துக்கொண்ட காலத்துக்குள் உச்சமான புள்ளிக்கு 100, அவ்வளவுதான்.

அடுத்து அவள் காட்டியதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது. தேடல் குறைவான ஊர்களையும் சேர்க்கவா என்று கேட்டு அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. டிக் போட்டால் எங்கள் ஊர் முதலிடத்தில் நிற்கிறது. டிக்கை எடுத்தால் ஊரே பட்டியலில் இல்லை. ரிப்போர்ட்டில் இருந்த படத்தில் அந்தக் கட்டம் இருக்கவேண்டிய ஓரத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். தெரியாமல் செய்தது என்று இதை எப்படி நினைப்பது?

அதே பக்கத்தின் கீழே, தொடர்புடைய தேடல்கள் என்று ஒரு பட்டியல் வரும். கவுனி பயன்கள், கவுனி கஞ்சி செய்வது எப்படி, விதை என்றே அதில் இருந்தது. விலை கேட்டு ஒன்றுகூட இல்லை. அதையும் ரிப்போர்ட்டில் காணோம். தமிழில் "கருப்பு கவுனி", "கறுப்பு கவுனி" என்று அடிப்பவர்களைப் பார்க்கவே இல்லை, ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் எத்தனை பேர் அந்த ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுகிறார்கள்?

அந்தச் சேவைமேல் எனக்குக் குறை இல்லை. எந்த மாதத்தில் தேடல் கூடுகிறது, எதோடு சேர்த்துத் தேடுகிறார்கள் என்று பார்க்க நல்ல உதவிதான். அதை வைத்தே சரக்கு எடுக்கச் சொல்வதுதான் தப்பு. யாராவது இப்படி ரிப்போர்ட் கொண்டுவந்தால், அவர் எதிரிலேயே உங்கள் போனில் அதே சொல்லைப் போட்டுத் திறந்து பாருங்கள். மாதம் எத்தனை தேடல் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். முதலில் ரெண்டு சிப்பம் மட்டும் எடுத்து, போன் செய்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். எனக்கு இன்றுவரை பில் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டேட்டா சரியாத்தான் இருக்கு மேடம், நீங்க மார்க்கெட்டிங் சரியா பண்ணல" என்றார். அப்புறம் போனை எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீதும் ஓரம் வெட்டிய அந்தப் பக்கமும் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.