ஏ.எஸ்.ஓ. பரிசோதனை: எங்கள் தெருமுனை ஆய்வகத்தின் சேவை

தொண்டைப் புண் ஆறி மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கிய என் மகளுக்கு, எங்கள் தெருமுனை ஆய்வகத்தில், அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று இருந்ததா என்று காட்டும் ஏ.எஸ்.ஓ. இரத்தப் பரிசோதனை செய்தோம். இரத்தம் எடுத்த பெண் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டார். மாலையே அறிக்கையும் கிடைத்தது. ஆனால் 200-ஐத் தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டவர்கள், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சுரக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளின் அளவு மட்டுமே என்று ஒரு வரியாவது சேர்த்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கண்டு, மகளின் இதயத்துக்கு ஆபத்தோ என்று இரவெல்லாம் தவித்தோம். இதயத்துக்கு ஆபத்து வரும் வழி வேறு: அக்கிருமியின் ‘எம்’ (M) என்ற புரதம் இதயத் தசையில் உள்ள மயோசின் என்ற புரதத்தை ஒத்திருப்பதால், அதற்கு எதிராக எழும் எதிர்ப்பொருள்கள் சில குழந்தைகளுக்குச் சொந்த இதய வால்வையே தாக்குகின்றன. இதை விளக்கி, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் மருத்துவர்தான். வேகத்துக்கும் கைப்பக்குவத்துக்கும் ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருகிறேன்.