கிட்டார் மர வெடிப்புக்கு மரப்பசையா, எபாக்சியா?

எலெக்ட்ரிக் கிட்டாரின் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்ததும் வெடிப்பு தென்பட்டால், எதைக் கொண்டு அடைப்பது என்ற குழப்பம் வருவது இயல்பே. அதற்கு முன், அது மரத்திலேயே உள்ளதா, பூச்சில் மட்டும் இருந்த கோடா என்று பார்த்துவிட வேண்டும். கழுத்து பொருந்தும் குழியின் ஓரத்தில் காணப்படுபவற்றுள் பல பூச்சோடு போய்விடும்.

வலிமை: இரு பக்கமும் நெருங்கிச் சேரும் இடத்தில் மரப்பசை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும், இடைவெளி இருந்தால் காயும்போது சுருங்கி வலுவிழக்கும். இரு பாகங்களைக் கலந்தால் இறுகும் பசையான எபாக்சி மிகக் குறைவாகவே சுருங்குவதால், சில்லு பெயர்ந்த பள்ளத்தையும் நிரப்பிவிடும்.

வேலை: மரப்பசையை வெடிப்பின் மேல் விட்டு விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த ஓரத்தை இலேசாக அசைத்தால் பசை உள்ளே இழுக்கப்படும், பிறகு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு ஒரு நாள் விட்டுவிடலாம், வழிந்ததை ஈரத்துணியால் துடைக்கலாம். எபாக்சியிலோ, இரு பாகங்களையும் உரிய விகிதத்தில் கலக்காவிட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. 5 நிமிட வகை மயிரிழை வெடிப்புக்குள் இறங்குமுன்னே கெட்டியாகிவிடும் என்பதால், மெதுவாக இறுகும் வகையே மேல்.

தோற்றம்: இரண்டுமே சாயத்தை ஏற்பதில்லை. மரரேகை தெரியப் பூசுபவருக்கு எபாக்சியின் அகலமான தடம் உறுத்தும். கெட்டியான வண்ணம் அடிப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

விலை: மரப்பசைதான் மலிவு.

கிளாம்ப் போட்டால் மூடிக்கொள்ளும் வெடிப்புக்குத் தயங்காமல் மரப்பசையையும், மூடாததற்கும் மரம் இழந்த இடத்துக்கும் எபாக்சியையும் எடுக்கலாம். எதுவானாலும் முழுதாகக் காயுமுன் உப்புத்தாள் தேய்த்தால், புதுப் பூச்சின் அடியில் அந்தக் கோடு பள்ளமாகத் தெரியும்.