பிரிண்டர் சரி செய்யப் போய் 2,360 ரூபாயைத் தொலைத்தேன்: இணையத்தில் 'கஸ்டமர் கேர்' எண் தேடுபவர்கள் கவனிக்க

திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம், வீட்டோடு சேர்த்துச் சின்னதாக, தைத்த துணிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். கீழே பீஸ் வேலை, மேலே குடித்தனம். கீழே ஒரு பழைய கணினி, அதில் யூஎஸ்பி கேபிளில் மாட்டிய லேசர் பிரிண்டர். பிரிண்டருக்கு வைஃபை கிடையாது. கீழ்க் கணினியில் 'ஷேர்' கொடுத்து வைத்திருப்பதால் மேலே என் லேப்டாப்பிலிருந்தும் டி.சி., அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான், அடித்துக்கொள்வேன். கம்பெனிக்குச் சரக்கு திரும்பிப் போக டி.சி. மூணு காப்பி வேண்டும். மூணு வருடமாக இப்படித்தான் ஓடியது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இறங்கி மோடம் போய்விட்டது. கேபிள்காரத் தம்பி அன்று சாயங்காலமே புதுசு மாட்டிவிட்டார். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் பழையபடியே வைத்துக் கொடுத்ததால் வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மறுநாள் காலை மேலிருந்து பிரிண்ட் கொடுத்தால் 'ஆஃப்லைன்'. பிரிண்டரை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஆஃப்லைன்தான். வாசலில் கம்பெனி வண்டி நிற்கிறது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

டி.சி.யைக் கையால் எழுதி அனுப்பிவிட்டு, பிரிண்டர் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடினேன். தப்பு இங்கேதான். மேலே முதலில் வந்த எண்ணை அப்படியே அழுத்தினேன். அது விளம்பரம் என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். சரியான எண் பிரிண்டர் பெட்டியோடு வந்த வாரண்டி அட்டையில் இருந்தது. அட்டை பரணில் இருந்தது.

எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். 'சார், சார்' என்று அவ்வளவு மரியாதை. தூரத்திலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை லேப்டாப்பில் இறக்கச் சொல்லி, திரையில் வந்த எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற ஒன்றைத் திறந்தார். வரிசையாகச் சிவப்புக் குறிகள், மஞ்சள் முக்கோணங்கள். "உங்க நெட்வொர்க்குக்குள்ள ஹேக்கர் இருக்கான் சார், பிரிண்டரை அவன்தான் பிடிச்சு வச்சிருக்கான்" என்றார்.

இப்போது சிரிப்பு வருகிறது. எந்த விண்டோஸ் கணினியில் திறந்தாலும் அந்தப் பட்டியலில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட ஒரு வரி விழும். மச்சான் போன மாதம் வாங்கிய புது லேப்டாப்பிலும் திறந்து பார்த்தேன், அதிலும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வியர்த்தது.

சுத்தம் செய்ய 2,000, ஜிஎஸ்டியோடு 2,360 என்றார். யூபிஐயில் அனுப்பினேன். பில்லும் வந்தது. அதோடு விட்டிருந்தால் இன்றுவரை ஏமாந்தது தெரியாமல்கூட இருந்திருப்பேன். அடுத்து, "ஒரு வருஷ பாதுகாப்புக்கு 4,999 சார், லேப்டாப்லயே நெட் பேங்கிங் திறங்க, நான் வழி சொல்றேன்" என்றார். நான் யோசிக்கும்போதே திரை கறுப்பாகிவிட்டது. அம்பு மட்டும் நகர்கிறது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு அம்மிணி ஒரு வார்த்தை பேசவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய் மோடம் சுவிட்சைத் தட்டிவிட்டாள். நான் லேப்டாப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அப்புறம் பில்லை நிதானமாகப் பார்த்தேன். முகவரி சென்னை. ஜிஎஸ்டி எண் 07-ல் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கு 33 என்பது திருப்பூரில் பில் எழுதும் சின்னப் பையனுக்கும் தெரியும், 07 டெல்லி. டெல்லி எண்ணை வைத்துக்கொண்டு ஒரே மாநிலத்துக்குள் நடந்த வியாபாரம்போல சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி அல்லவா வரவேண்டும்? ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு வியாபாரத்தின் பெயர் வருகிறது. தினமும் பத்து பில் பார்க்கிறவன் நான். பணம் போகும் முன்னால் பார்க்கவில்லை.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். வங்கிக்குச் சொன்னேன். லேப்டாப்பில் அந்தச் செயலியை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டுகளை எல்லாம் அதில் தொடாமல் வேறு போனிலிருந்து மாற்றினேன். பணம் இன்னும் வரவில்லை.

பிரிண்டரும் ஓடவில்லை என்பதுதான் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படிக்கும் தங்கச்சி மகன் வந்தான். கீழ்க் கணினியிலிருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் கொடுத்தான். உடனே வந்தது. "பிரிண்டர் நல்லாத்தான் இருக்குதுங் மாமா. ஏனுங், மோடம் எப்ப மாத்துனீங்க?" என்றான்.

விஷயம் இதுதான். கீழ்க் கணினி மோடத்தோடு லேன் வயரில் இருக்கிறது. மோடம் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளும். மற்ற கணினிகள் உன்னைப் பார்க்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். எதற்கு வம்பு என்று நான்தான் 'இல்லை' அழுத்தியிருக்கிறேன். அதனால் அது 'பப்ளிக்' ஆகிவிட்டது. பப்ளிக்கில், வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் பிரிண்டர் ஷேரிங்கை அடைத்துவிடும். பஸ் ஸ்டாண்டு வைஃபையில் அது நல்லது, வீட்டில் வேலைக்காகாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கம் போய் 'பிரைவேட்' என்று மாற்றினான். அவ்வளவுதான். நான்கு நாளாக வரிசையில் கிடந்த டி.சி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டியது. கையால் எழுதி அனுப்பியவற்றையும் சேர்த்துப் பதினெட்டுத் தாள் வீண்.

எல்லாருக்கும் காரணம் இதுவாகவே இருக்காது. கீழ்க் கணினி தூங்கிப் போயிருந்தாலும் மேலே ஆஃப்லைன்தான் காட்டும். '11பி' என்று முடியும் பிழை எண் வந்தால் அது வேறு கதை. 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு ஷேர் பிரிண்டர்களைப் படுத்திய சமாச்சாரம் அது. முதலில் இரண்டு கணினியையும் அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள். எதுவானாலும் பிரிண்டர் மாட்டியிருக்கும் கணினியிலிருந்தே ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள். எனக்குப் போனில் வாய்த்தவர், அப்படி அடித்துப் பார்த்தீர்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. கீழே இன்னொரு கணினி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து வேறு எண்ணிலிருந்து அதே குரல். "சார், உங்க 2,360 ரூபாயை ரீஃபண்ட் பண்றோம், அந்த ஆப்பைத் திரும்ப இறக்குங்க." போனை அம்மிணி வாங்கினாள். "அதை நீங்களே வச்சுக்குங் சாமி, எங்களுக்கு வேலை கெடக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.