வாழைக்கு அகழியா, சோலார் வேலியா?

யானையும் பன்றியும் தோட்டத்தில் இறங்காமல் தடுக்க எது நல்லது? நெல்லை மாவட்டத்தின் களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் வாழை போட்டவர்கள் கேட்பது இதுதான். 1988-இல் வந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. வாழையும் பிழைக்க வேண்டும், யானையும் பன்றியும் பிழைக்க வேண்டும்.

செலவு: அகழிக்கு ஜேசிபி வாடகை, தனி ஆளுக்குத் தாங்காது. வேலிக்கு பேனல், பேட்டரி, கம்பி.

பராமரிப்பு: ஐப்பசி, கார்த்திகை மழையில் அகழியின் கரை சரிந்து தூர்ந்துவிடும். யானையும் காலால் மண்ணைத் தள்ளி வழி செய்துகொள்ளும். வேலிக்குப் புல்தான் எதிரி. கீழ்க்கம்பியில் ஈரப்புல் சாய்ந்தால் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும்; விடிந்து பார்த்தால் பன்றி வாழைக்கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டிருக்கும். வாரம் ஒருமுறை அரிவாளோடு சுற்றி வர வேண்டும்.

விலங்குக்கு: அகழியில் குட்டி விழுந்தால் ஏறுவது கஷ்டம். சோலார் வேலியில் கரண்ட் விட்டு விட்டு அடிப்பதால் விலங்கு உதறிக்கொண்டு விலகிவிடும். ஆனால் வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுப்பது கொலை. பன்றிக்கு வைத்ததில் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள்.

ஊரே சேர்ந்து காட்டு எல்லையில் தடுப்பு போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதென்றால், ஓடை குறுக்கிடாத இறுகிய மண்ணில் அகழி. ஒன்றிரண்டு ஏக்கருக்கு வேலிதான் சரி. தமிழக அரசின் 2023 மின்வேலி விதிப்படி வனத்துறையில் பதிந்துவிட்டுப் போடுங்கள். பன்றித் தொல்லை மட்டும் என்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும்.