இரண்டு ஆறுகள், நான்கு கரைகள்: அமெரிக்க மாநிலங்களின் கஞ்சாச் சட்டங்கள்

சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை மன்ஹாட்டன் பார்க்க அழைத்துப் போயிருந்தேன். பென் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து இரண்டு தெரு நடப்பதற்குள் மூன்று முறை மூக்கைச் சுளித்தார். "இது அந்த வாடைதானே? போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்கிறாரே, கேட்க மாட்டாரா?" என்றார். கேட்க மாட்டார். நியூயார்க்கில் சிகரெட் பிடிக்கத் தடையில்லாத நடைபாதையில் 21 வயது நிரம்பியவர் கஞ்சாவும் பிடிக்கலாம். "அப்படியானால் அமெரிக்காவில் கஞ்சா குற்றமே இல்லையா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செய்தித்தாள்கள் போடும் வண்ண வரைபடம் இதற்கு உதவாது. பொழுதுபோக்குப் பயன்பாட்டை அனுமதித்தவை 24 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும், அவற்றுக்குப் பச்சை. மருத்துவத்துக்கு மட்டும் அனுமதித்தவற்றுக்கு மஞ்சள். ஐடஹோ போல எதற்குமே இடம் கொடுக்காதவற்றுக்குச் சிவப்பு. ஆனால் ஒரே பச்சைக்குள் இருக்கும் இரண்டு மாநிலங்கள் ஒரே செயலை உரிமை என்றும் சிறைக்குரிய குற்றம் என்றும் சொல்கின்றன. எனவே ஐம்பதையும் வரிசைப்படுத்தாமல், ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையுமாக நிற்கும் இரண்டு ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொழுதுபோக்குக்கு ஹட்சன், மருத்துவத்துக்கு ரெட் நதி.

ஹட்சன்: நியூயார்க்கும் நியூ ஜெர்சியும்

நியூ ஜெர்சி மக்கள் 2020 நவம்பர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு சரி என்றார்கள். ஆளுநர் பில் மர்பி 2021 பிப்ரவரியில் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே, மார்ச் 31 அன்று, நியூயார்க்கில் ஆண்ட்ரூ கியூமோ கையெழுத்திட்டார். அங்கே வாக்கெடுப்பு இல்லை, சட்டமன்றமே நிறைவேற்றியது. இரண்டிலும் வயது வரம்பு 21. நியூயார்க்கில் மூன்று அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம் கையில் வைத்திருக்கலாம். நியூ ஜெர்சியில் ஆறு அவுன்ஸ் வரை தண்டனை இல்லை. அளவை மட்டும் பார்த்தால் நியூ ஜெர்சிதான் தாராளம்.

செடிக்கு வந்தால் கதை தலைகீழ். நியூயார்க்கில் ஒருவர் வீட்டில் முதிர்ந்த செடி மூன்றும் இளஞ்செடி மூன்றும் வளர்க்கலாம். நியூ ஜெர்சியில் ஒரே ஒரு செடி தொட்டியில் இருந்தாலும் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மருத்துவ அட்டை வைத்திருக்கும் நோயாளிக்கும் இதில் விலக்கில்லை. தேங்காய் எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள், தென்னங்கன்று மட்டும் நடாதே என்பது போன்ற சட்டம் இது. மக்கள் நலனில் இதற்கு ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. கடை வைத்திருப்பவர்களின் நலனில் நிறையவே புலப்படுகிறது.

கடை திறந்த விதத்தில் இந்த வேறுபாடு இன்னும் வெளிச்சமாகத் தெரியும். நியூ ஜெர்சி, ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுவந்த நிறுவனங்களையே பொது விற்பனைக்கு முதலில் அனுமதித்தது. 2022 ஏப்ரல் 21 அன்று பத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் கதவைத் திறந்தன. சலசலப்பில்லாத தொடக்கம். பெரும்பாலும் பல மாநிலங்களில் கிளை பரப்பிய பெரிய நிறுவனங்களின் கடைகள்தான். தெருமுனையில் சிறு பொட்டலத்துக்காகப் பிடிபட்டுச் சிறை போனவர்களின் குடும்பங்கள், உரிமம் கிடைப்பதற்குள் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டுவிட்டன.

நியூயார்க் இதைத் திருப்பிப் போட நினைத்தது. பழைய கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமே முதல் சில்லறை உரிமங்கள் என்று அறிவித்தது. கூடவே தொண்டு நிறுவனங்கள் சிலவற்றுக்கும் இடம் தந்தது. 2022 டிசம்பர் 29 அன்று நடந்த முதல் விற்பனை, எச்ஐவி நோயாளிகளுக்கும் வீடற்றோருக்கும் உழைக்கும் ஹவுசிங் ஒர்க்ஸ் அமைப்பின் கடையில்தான். படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. நடந்தது வேறு. கடைக்கு இடம் கிடைக்கவில்லை, கடன் கிடைக்கவில்லை. எங்களை ஏன் ஒதுக்கினீர்கள் என்று முன்னாள் படைவீரர்கள் சிலர் வழக்குப் போட, 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் உரிமம் வழங்குவதையே நிறுத்திவைத்தது. முதல் விற்பனை நடந்து ஓராண்டு கழிந்தபோதும் மாநிலம் முழுவதற்கும் சில டஜன் உரிமக் கடைகள்தான். முந்திக்கொண்டு பயிரிட்ட விவசாயிகள், வாங்க ஆளில்லாத அறுவடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளியில் நகரத்தில் உரிமம் இல்லாத கடைகள் மழைக்காளானாக முளைத்தன. 2024இல் சட்டத்தைத் திருத்திய பிறகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டுப் போட முடிந்தது. சித்தப்பாவைப் போன்ற சுற்றுலாப் பயணிக்கு உரிமக் கடை எது, திருட்டுக் கடை எது என்று நெடுநாள் அடையாளமே தெரிந்திருக்காது.

ஆகக்கூடி, சட்டத்தை எழுதியதில் நியூயார்க்குக்கும், கடையை நடத்தியதில் நியூ ஜெர்சிக்கும் என் வாக்கு. இரண்டில் ஒன்றுதான் என்றால் நியூயார்க். கடையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், திருத்தியும் வருகிறார்கள். செடி வளர்ப்பதைக் குற்றமாக்கி எழுதிவிட்டால் அதை அழிக்க எத்தனை ஆண்டு ஆகுமோ.

இன்னொன்று. மன்ஹாட்டனில் முறைப்படி வாங்கிய பொட்டலத்தோடு பாத் ரயில் ஏறி ஜெர்சி சிட்டியில் இறங்கினால், இரு கரையிலும் குற்றமில்லாத பொருளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்த குற்றம், கஞ்சாவைத் தடுக்கும் மத்திய சட்டப்படி உங்கள் தலையில். யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை என்பது வேறு.

ரெட் நதி: ஓக்லஹோமாவும் டெக்சாஸும்

மருத்துவக் கஞ்சா என்றதும் நம் மனத்தில் வருவது டாக்டர் சீட்டும் மருந்துக்கடையும். பெரும்பாலான மாநிலங்களில் இரண்டும் கிடையாது. மத்திய சட்டம் தடுப்பதால் மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதுவதில்லை. "இவருக்கு உதவக்கூடும்" என்று பரிந்துரைக்கிறார். அதைக் காட்டி மாநில அரசிடம் அட்டை வாங்கித் தனிக் கடையில் வாங்க வேண்டும். அந்தப் பரிந்துரைக்கு எந்த நோய்கள் தகுதி என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

ஓக்லஹோமா தகுதி நோய்ப் பட்டியலே போடவில்லை. 2018 ஜூன் வாக்கெடுப்பில் 57 சதவீத ஆதரவோடு வந்த சட்டப்படி, மருத்துவர் சரி என்றால் சரி. நூறு டாலர் கட்டினால் இரண்டு ஆண்டுக்கு அட்டை. தொடக்கத்தில் 2,500 டாலர் கட்டினால் கடைக்கோ பண்ணைக்கோ உரிமம் கிடைத்தது; எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. நாற்பது லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் நோயாளி ஆனார். கடைகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. மக்கள்தொகையில் பத்து மடங்கு பெரிய கலிஃபோர்னியாவில்கூட அத்தனை கடை இல்லை. பெயர்தான் மருத்துவம், உள்ளே பொழுதுபோக்குச் சந்தை. விளைந்ததில் பெரும்பகுதி வெளிமாநிலக் கள்ளச்சந்தைக்குப் போனது. 2022 நவம்பரில் கிங்ஃபிஷர் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு புது உரிமங்களுக்குத் தடை வந்திருந்தது. 2023 மார்ச்சில் வெளிப்படையான பொழுதுபோக்கு அனுமதி வாக்கெடுப்புக்கு வந்தபோது சுமார் 62 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். பார்த்தவரை போதும் என்று ஆகியிருக்க வேண்டும்.

ஆற்றைத் தாண்டினால் டெக்சாஸ். 2015 சட்டம் ஒரே நோய்க்குத்தான்: மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. போதை தரும் டிஎச்சி எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019இல் ஆட்டிசம் உள்ளிட்ட சில நோய்கள் சேர்ந்தன. 2021இல் எல்லா வகைப் புற்றுநோயும் சேர்ந்து, வரம்பும் ஒரு சதவீதமாயிற்று. நாள்பட்ட வலியால் துடிப்பவர்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. பத்து ஆண்டு காலம், பிரான்ஸ் நாட்டைவிடப் பெரிய அந்த மாநிலத்தில் மருந்து வழங்க மூன்று நிறுவனங்களுக்கு மேல் உரிமம் இல்லை. அதை 15 ஆக்கியது 2025 சட்டம்தான்.

அட்டவணைக்கு வெளியே இருப்பவருக்கு டெக்சாஸ் இரக்கம் காட்டுவதில்லை. இரண்டு அவுன்ஸ் வரை இலையும் மொட்டும் வைத்திருந்தால் 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். பிழிந்தெடுத்த சாறு அடைத்த ஒரு வேப் பேனா (மின்சிகரெட்) என்றால் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றம், இரண்டு ஆண்டு வரை. கொலராடோவில் கடையில் வாங்கியதை மறந்து காரில் வைத்துக்கொண்டு டெக்சாஸ் நகரான அமரில்லோ பக்கம் வருபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இதில் வேடிக்கை, போதை மிகக் குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப் சணலுக்கு 2019இல் கொடுத்த அனுமதியின் சந்து வழியாக போதை மிட்டாய்கள் டெக்சாஸ் பெட்ரோல் பங்குகளில்கூட விற்கத் தொடங்கியதுதான். 2025 வரை வலிக்காக மருத்துவரிடம் போனவருக்குக் கிடைக்கவில்லை, வழியில் வண்டியை நிறுத்தியவருக்குக் கிடைத்தது. அதை மூடச் சட்டமன்றம் கொண்டுவந்த தடையை ஆளுநர் கிரெக் அபட் 2025 ஜூனில் ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். ஓக்லஹோமாவின் குழப்பம் கதவில்லாத வீட்டின் குழப்பம். டெக்சாஸில் முன்வாசலுக்கு மூன்று பூட்டு, புறக்கடை திறந்து கிடந்தது. நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் முதலாவது தேவலாம் என்பேன்.

பொழுதுபோக்குக்கே அனுமதி உள்ள இடத்தில் மருத்துவ அட்டை எதற்கு என்று கேட்கலாம். பணத்துக்காகவும் வயதுக்காகவும். கொலராடோவில் பொழுதுபோக்குக் கடையில் மாநிலத்தின் தனி விற்பனை வரி 15 சதவீதம். அட்டைக்காரருக்கு வழக்கமான 2.9 சதவீதம்தான். இல்லினாயில் வீட்டில் ஐந்து செடி வளர்க்க அட்டைக்காரருக்கு மட்டுமே உரிமை. 21 நிரம்பாத நோயாளிக்கு மருத்துவ அனுமதிதான் ஒரே வழி. 

நியூ ஜெர்சியின் எடிசனிலும் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு

இதுவரை சொன்ன வேறுபாடெல்லாம் குடிமக்களுக்கு. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்களுக்கு நான்கு கரையும் ஒரே கரை. குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம். மாநிலம் கொடுத்த அனுமதி அங்கே செல்லாது. வழக்கு, தண்டனை எதுவும் இல்லாமல், விமான நிலையத்திலோ நேர்காணலிலோ "ஆமாம், பிடித்திருக்கிறேன்" என்று ஒப்புக்கொள்வதே நுழைவு மறுக்கப்படக் காரணமாகலாம். சட்டபூர்வமான கஞ்சாக் கடையில் வேலை பார்த்ததும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குக் குறையாக எண்ணப்படலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. மருத்துவ அட்டையும் இதற்குக் கேடயமில்லை. அதுவே எழுத்து வடிவச் சான்றாகிவிடக்கூடும்.

கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: மாநிலத்தின், அமெரிக்காவின், அல்லது வெளிநாட்டின் போதைப்பொருள் சட்டம் எதையாவது நீங்கள் எப்போதாவது மீறியதுண்டா? நியூயார்க் நடைபாதையில் நின்று பிடித்தவர், அந்த மூன்றில் இரண்டாவதற்கு இல்லை என்று எழுத முடியாது.