தம்பேதன்ன ரோட்டு ரொட்டிக் கடை: லாங் ரன் ஓடுறவங்களுக்கு ஒரு ரிவியூ

இலங்கை மலைநாட்டு ஹப்புத்தளை டவுன்ல இருந்து லிப்டன் சீட்டுங்குற மல உச்சி வரைக்கும் ஓடிட்டுத் திரும்புற ஆளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். தம்பேதன்ன ஸ்டோர, அதான் தேயில ஃபெக்டரியத் தாண்டி ஏத்தம் தொடங்குற பக்கமா ஒரு தகரக்கூரக் கடை இருக்கு, போர்டு ஒன்னும் கெடயாது, வெளிய ஒரு பெஞ்சு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வடையும் பனிஸும், உள்ள வெறகு அடுப்பு. மரதன், அத விட நீளமான அல்ட்ரான்னு ட்ரெய்னிங் பண்றவங்க யாரு ரூட்டு கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது இந்தக் கடையத்தான், ஓடும்போது உறிஞ்சுற இனிப்பு ஜெல்லு, தண்ணி வச்சுக்குற வெஸ்ட்டு எல்லாம் பொறவு பாத்துக்கலாம்.

ரூட்டு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். டவுனு சுமாரா 1,430 மீட்டர் ஒசரத்துல இருக்கு. அங்கேருந்து ஸ்டோரு வரைக்கும் 10, 11 கிலோமீட்டர், மலச்சரிவ ஒட்டியே வளஞ்சு வளஞ்சு போற ரோடு, பெரிய ஏத்தம்னு இல்ல. தோமஸ் லிப்டன் 1890ல கட்டுன அந்த ஸ்டோரத் தாண்டினா அடுத்த 7 கிலோமீட்டர் கிட்ட ஏத்தம் ஏத்தம் ஏத்தம்தான், கொழுந்து மலைக்குள்ளயே சுத்திச் சுத்தி 1,970 மீட்டருக்குக் கொண்டு போய் விட்ரும். போய் வர 35 கிலோமீட்டர் பக்கத்துல வரும், வாட்ச்சுக்கு வாட்ச்சு கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்.

இப்ப கடை இருக்குற எடத்தப் பாருங்க. போகும்போது ஒன்னேகால் மணித்தியாலம் ஓடி முடிஞ்சு, பெரிய ஏத்தத்துக்கு முன்னால வருது, திரும்பி எறங்கும்போது 24 கிலோமீட்டர் முடியுற எடத்துல மறுபடியும் அதே கடை. ஒடம்புல சேத்து வச்சிருக்குற கிளைக்கோஜன்ங்குற மாச்சத்து ஒன்றரை ரெண்டு மணித்தியாலத்துலயே நல்லா கொறஞ்சிரும், அதனால நீளமா ஓடுறவங்க மணித்தியாலத்துக்கு 30ல இருந்து 60 கிராம் மாச்சத்தாவது உள்ள தள்ளணும்னு சொல்றாங்க. தனியா ட்ரெய்னிங் போற நமக்கு ரேஸ்ல மாதிரி மேச போட்டு யாரு குடுக்கப் போறா, இந்தக் கடைதான் குடுக்குது.

போகும்போது நான் எடுக்குறது ஒரு பிளேன்டீ, கடிச்சுக்க ஒரு சக்கரத்துண்டு, ஒரு கதலிப்பழம், அவ்வளவுதான். இஞ்சி தட்டிப் போட்டுக் குடுங்கன்னு கேட்டா அதையும் போடுவாங்க, குளிருக்கும் வயித்துக்கும் நல்லா இருக்கு. ரொட்டி வாசம் இழுக்கும்தான், ஆனா தயவுசெஞ்சு ஏத்தத்துக்கு முன்னால முழு ரொட்டி சாப்புடாதீங்க, அதுல தேங்காப்பூ இருக்கு, கொழுப்பு வயித்த விட்டு மெதுவாத்தான் எறங்கும், ஏத்தத்துல அது நெஞ்சுலயே நிக்கும். வேணும்னா கால் துண்டு.

எறங்கி வரும்போது ரொட்டி! கல்லுல போட்டு, வெளிய கொஞ்சம் கருகி, உள்ள மெத்துன்னு, கையில புடிக்க முடியாத சூட்டுல பேப்பர்ல வச்சுத் தருவாங்க, மேல கட்டச்சம்பல். அந்தச் சம்பல்ல கொச்சிக்கா, வெங்காயம், தேசிக்கா, மாசிக் கருவாடு, நல்லா கை நெறைய உப்பு. வேர்வையில போன உப்ப எல்லாம் வாயி தானாக் கேக்கும் பாருங்க, அந்த நேரத்துல எந்த ஜெல்லும் இதுக்குக் கிட்ட வராது. ஒறைப்பு தாங்காத வயிறுன்னா சம்பலக் கொறச்சுக்கிட்டு பருப்பு கேளுங்க, அடுப்புல எப்பயும் இருக்கும். ஜீவனி பக்கெட்டு, அதான் தண்ணியில கரச்சுக் குடிக்கிற உப்பு சீனித் தூளு, ஒன்னு கொண்டு போனீங்கன்னா ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணி அவங்களே தருவாங்க, கரச்சு அங்கயே குடிச்சிட்டு மிச்சத்த போத்தல்ல ஊத்திக்கிட்டு கெளம்பலாம். ரொம்ப நேரம் உக்காராதீங்க, எறக்கத்துல தொட முன்பக்கத் தசதான் பிரேக் மாதிரி வேல செஞ்சிருக்கும், ஆறிருச்சுன்னா எறுகிரும், மிச்சம் 11 கிலோமீட்டர் இருக்கு.

நேரம் ரொம்ப முக்கியம். காலையில பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல வேல பிரிச்சுக் குடுக்குற எடத்துக்குப் போற ஆளுங்களுக்காக வெள்ளனவே அடுப்பு பத்த வச்சிருவாங்க, நான் அஞ்சு மணிக்கு டவுன்ல இருந்து கெளம்புனா ஆறேகாலுக்கு சுடுதண்ணி தயாரா இருக்கும். டவுன்ல ரன்னர்ஸுக்குன்னு பேரு வச்ச ஒரு கஃபேயும் இருக்கு, அது தொறக்குறதுக்குள்ள நான் பாதி எறங்கியிருப்பேன், அங்க போய் என்னா செய்ய. மேல போறவங்க எட்டு மணிக்கு முன்னாலயே சீட்ட தொட்டுருங்க, பத்து மணி போல மூட்டம் ஏறி எல்லாத்தையும் மறைச்சிரும், தெளிவான காலையில உடவளவ கொளம் வரைக்கும் தெரியும்.

எனக்கு இந்தக் கடை புடிச்சதுக்கு சாப்பாட்ட விடப் பெரிய காரணம் ஒன்னு இருக்கு. நான் தனியா ஓடுற பொம்பள, அதுவும் இருட்டோட. கடைக்கார மாமா ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, "என்னா புள்ள, சீட்டு வரைக்குமா? எத்தன மணிக்கு எறங்குவ?" நான் "எட்டரைக்குள்ள வந்துருவேன் மாமா"ன்னு சொல்லிட்டு டோர்ச்சு, மாத்து டீசேட்டு எல்லாத்தையும் அங்கயே வச்சிட்டுப் போவேன். ஒரு நாள் மேல மழை புடிச்சு நான் ஒதுங்கி நின்னுட்டேன், எறங்கி வந்தா மாமா ரெண்டு த்ரீவீல்காரங்ககிட்டயும் கொழுந்துக்கு மேல போன அக்காமார்கிட்டயும் "ஓடுற புள்ளயப் பாத்தீங்களா"ன்னு ஏற்கனவே சொல்லி அனுப்பியிருக்காரு. சிக்னல் விட்டு விட்டு வர்ற எடத்துல இதுக்கு மேல என்னா வேணும், எந்த ஆப்பும் எனக்கு இந்த தைரியத்தக் குடுக்கல.

கொறையும் இருக்கு. சீனி ரொம்பப் போடுவாங்க, முன்னாலயே சொல்லிருங்க. டொய்லட் கெடயாது, டவுன்லயே முடிச்சிட்டு வாங்க. ஒம்பது மணிக்கு மேல சீட்டுக்குப் போற டூரிஸ்ட் கூட்டம் வந்துட்டா ரொட்டிக்கு இருவது நிமிஷம் காத்திருக்கணும், ஓடி நனஞ்ச சட்டையோட அந்தக் குளிர்ல நிக்குறது லேசு இல்ல. தீவாளி, பொங்கல்னா கட பூட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா நேரமும் நம்பிப் போகாதீங்க.

பீக்கோ ட்ரெயில், அதான் கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியா வரைக்கும் 22 கட்டமா 300 கிலோமீட்டருக்கு மேல போகுதே, அது வந்த பொறவு ஹப்புத்தளப் பக்கம் நடக்குறவங்களும் ஓடுறவங்களும் நெறைய வர்றாங்க. வர்ற ஆளுங்க பை நெறைய வெளிநாட்டு பார் கட்டிக்கிட்டு வந்து, தோலையும் கவரையும் கொழுந்துச் செடிக்குள்ள வீசிட்டுப் போறதப் பாத்தா எனக்குக் கோவம் வருது. அது லயத்து வீடுகள்ல இருக்குற தோட்டத்து ஆளுங்க வேல செய்யுற எடம். குப்பைய எடுத்துட்டுப் போங்க, காச இந்த மாதிரிக் கடையில குடுங்க, ஒரு இம்போட் ஜெல்லு வாங்குற காசுக்கு இங்க நாலு பேரு வயிறார சாப்புடலாம்.

முழு தூரம் ஓட முடியாதவங்க ஹப்புத்தளையில தம்பேதன்ன பஸ் ஏறி ஸ்டோருகிட்ட எறங்குங்க, அங்கேருந்து சீட்டுக்குப் போய் வந்தா 14 கிலோமீட்டர், ஏத்த ட்ரெய்னிங்குக்கு அதுவே போதும். மழ நாள்ல புல்லுப் பக்கம் கால் வச்சா அட்ட ஏறும், ரோட்டுலயே ஓடுங்க. கடையில கார்டு எல்லாம் எடுக்க மாட்டாங்க, அஞ்சாயிரம் தாள நீட்டினா மாத்தவும் முடியாது, நூறு ரூவாத் தாளா கொஞ்சம் பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சுக்கோங்க, வேர்வையில நனையாது.