சென்னைக் கடலில் பவளப்பாறை காட்டுகிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறக்கிக் காட்டும் ஒரு ஸ்கூபா நிறுவனம் எனக்கும் என் தங்கைக்கும் ஆளுக்கு 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். "வார இறுதியில் பயிற்சி, பவளப்பாறையில் டைவ், சர்வதேசச் சான்றிதழ்" என்பது விளம்பரம். படத்தில் நீலத் தண்ணீர், மான்கொம்புப் பவளம், கோமாளி மீன்.

அந்தப் படம் எந்தக் கடலோ, நீலாங்கரைக் கடல் இல்லை. தமிழ்நாட்டில் பவளத் திட்டுகளைப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்கோ பாக் விரிகுடாவுக்கோ போக வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்கு அந்தத் திட்டுகளே முக்கியக் காரணம். சென்னைக்கு எதிரே இருப்பவை பாறைகளும், மீன் பெருக்கத்துக்காக இறக்கிய கான்கிரீட் திட்டுகளும்தான். கடல் தெளிந்திருக்கும் நாளில் அங்கேயும் மீன் கூட்டத்தை நன்றாகப் பார்க்கலாம் என்கிறார்கள். அப்படியே சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

எங்களைக் கூட்டிப்போனது கார்த்திகை மழைக்கு நடுவில். "கடல் கலங்கிக் கிடக்கிறதே அம்மா, மாசிக்குப் பிறகு வந்திருக்கலாமே" என்றார் படகோட்டி. பயிற்சியாளர் அவரை முறைத்த முறைப்பில் மனிதர் கரை திரும்பும்வரை வாயே திறக்கவில்லை.

படகில்தான் கருவிகளைப் பார்த்தேன். முழுதாக நிரப்பிய சிலிண்டரில் 200 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) காற்றழுத்தம் இருக்க வேண்டும். சுமார் 50 மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது நடைமுறை. தங்கையின் மானியில் முள் 110இல் நின்றது. கேட்டதற்கு, "ஆழம் குறைவுதானே மேடம், தாராளம்" என்றார் பயிற்சியாளர். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில் பல்லால் கடித்துக்கொள்ளும் ரப்பர் பிடிப்பு ஒரு பக்கம் அறுந்துபோயிருந்தது. யார் யார் கடித்ததோ. சிலிண்டர் வால்வின் ஓரத்தில் குமிழ்கள் விடாமல் வந்தன.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறு. தங்கைக்குச் சிறு வயதிலிருந்து வீசிங் உண்டு. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுக் கோளாறு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கும் மருத்துவப் படிவம் இல்லாமல் ஒழுங்கான எந்த இடத்திலும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னபோதும் "ஒன்றும் ஆகாது" என்று பதில்.

உள்ளே இறங்கினால் நீட்டிய கை தெரியவில்லை. மூக்கைப் பிடித்து ஊதிக் காது அழுத்தத்தைச் சமன்செய்ய நேரம் கொடுக்காமல் பயிற்சியாளர் சிலிண்டரைப் பிடித்துக் கீழே இழுத்தார். காது வலித்துக் கையைக் காட்டியதும் மேலே வந்தோம். அவ்வளவுதான் டைவ். தங்கையின் செவிப்பறை வீங்கியிருக்கிறது என்று காது மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

கரையில் சான்றிதழ் என்று எங்கள் பெயர் எழுதிய ஒரு வழவழப்புத் தாள் கொடுத்தார்கள். ஓபன் வாட்டர் எனப்படும் உண்மையான அடிப்படை ஸ்கூபா பயிற்சியில் பாடம், நீச்சல் குளப் பயிற்சி, கடலில் குறைந்தது 4 டைவ் எல்லாம் உண்டு. முடித்தவர்கள் 18 மீட்டர் வரை துணையோடு இறங்கலாம். ஒரு நாளில் கூட்டிப்போய்க் காட்டுவது வெறும் அறிமுக டைவ். அதை முடித்தால் டைவ் உரிமம் கிடைக்காது. பயிற்சியாளரின் உறுப்பினர் எண்ணைக் கேட்டால், சான்றிதழ் தரும் அமைப்பின் இணையதளத்தில் சரிபார்த்துவிடலாம். எங்கள் பயிற்சியாளரைக் கேட்டேன். "அலுவலகத்தில் இருக்கிறது" என்றார். அலுவலகத்தில் கேட்டால், "அவரிடம் இருக்கும்."

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "இயற்கைக்கு நாங்கள் பொறுப்பா?" என்றார்கள். ரசீதை அப்போதுதான் விரித்துப் படித்தேன். "படகுச் சவாரி" என்று மட்டும் போட்டிருந்தது. நீங்கள் பணம் கட்டினால் பயிற்சியின் பெயர், டைவ் எண்ணிக்கை, எந்த அமைப்பின் சான்றிதழ் என்பதையெல்லாம் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள். எங்கள் வழக்குக்கு இப்போது அதுதான் ஆதாரம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயார். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. புகார் போன பிறகு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது: இன்னொரு டைவ் இலவசமாகத் தருகிறார்களாம். வேண்டாம், 36,000 ரூபாயைத் தாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.